ஊர் கைவிட்ட பெயரும் துவைனந்துரையும்

லண்டனில் வசிக்கும் நண்பர் ஒருவரின் மூத்த மகனிடமிருந்து சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இங்கிலாந்துச் சட்டப்படி 42 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். குழந்தைக்கு என்ன பெயர் என்பதில் வீட்டில் சிக்கல் இல்லை. குடும்பப் பெயரை எப்படி எழுதுவது என்பதில்தான் சிக்கல். தகப்பனாரின் பெயரைத்தான் இவர் குடும்பப் பெயராகக் கொண்டிருக்கிறார். ரொறன்ரோவிலுள்ள தம்பியும் அதே பெயரைத்தான் கொண்டிருக்கிறார். ஆனால் இவர் தமது கடவுச்சீட்டில் யாழ்ப்பாண வழக்கப்படி தகரத்துக்கு 'எச்' சேர்த்து எழுதியிருக்கிறார். தம்பியின் பெயரை எழுதிய அதிகாரி யாரோ, அந்த 'எச்'சை விட்டுவிட்டார். "இரண்டும் ஒரே பெயர்தானே மாமா, இதை ஏன் பெரிதுபடுத்த வேண்டும்?" என்று மனைவி கேட்கிறாராம்.

மடலின் அடியில் இன்னொரு கேள்வியும் இருந்தது. கோடை விடுமுறையில் தென் கடற்கரைக்குப் போனபோது, கிறைஸ்ற்சேர்ச் என்னும் சிறு நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையைக் கண்டிருக்கிறார். வாசித்தபோது வீட்டில் கேட்டுப் பழகிய பெயர் போலிருந்ததாம். பூட்டனாரை விதானையாராக நியமித்த பத்திரத்தில் கையெழுத்திட்டவர் 'துவைனந்துரை' என்று தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறார். அந்தத் துரைக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கும் தொடர்பு உண்டா?

அவர் இரண்டு கேள்விகள் கேட்டிருப்பதாக நினைத்தார். எனக்கென்னவோ அவை ஒரே கேள்வியாகவே தோன்றின. அதனாற்றான் பதிலை அவருக்கு மட்டும் எழுதாமல் இங்கே எழுதுகிறேன்.

சேர் வில்லியம் குறொஃப்ரன் துவைனம் 1827இல் பிறந்து 1922இல் மறைந்தவர். 1869 முதல் 1896 வரை, 27 ஆண்டுகள், வட மாகாணத்தின் அரசாங்க அதிபராக யாழ்ப்பாணக் கச்சேரியில் வீற்றிருந்தார். மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பு விடயத்தில் அவர் சொன்னதே இறுதி வார்த்தை என்னும் நிலை இருந்தது. ஓய்வு பெற்றதும் பெரும்பாலான வெள்ளைக்காரர் செய்வதுபோலக் கப்பலேறவில்லை. யாழ்ப்பாணத்திலேயே தங்கி அங்கேயே கண்ணை மூடினார். அவரை எல்லோரும் போற்றினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஆறுமுக நாவலர் தமது இறுதிக் காலத்தில் துவைனத்தின் நிர்வாகத்தை மிகக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். பஞ்சமும் கொள்ளை நோயும் வாட்டிய அந்த ஆண்டுகளில் கச்சேரி செய்தது போதாது என்பது நாவலரின் குற்றச்சாட்டு. தாமே கஞ்சித் தொட்டித் தருமம் நடத்திவிட்டுச் சொன்ன குற்றச்சாட்டு அது. யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயர் ஊன்றி நின்றமைக்கு அதிகாரம் ஒரு காரணமென்றால், நாவலரின் கண்டனம் இன்னொரு காரணம் என்பேன்.

ஆனால் இங்கிலாந்தில் அது எப்பொழுதுமே அரிய பெயர். ஸ்மித் என்ற குடும்பப் பெயரை உடையவர்கள் பிரித்தானியாவில் ஐந்து இலட்சத்துக்கும் மேல். துவைனம் ஆயிரக் கணக்கில் அல்ல, நூற்றுக் கணக்கில் எண்ணப்பட வேண்டிய பெயர். இலங்கையிலே காலனித்துவ ஆட்சியின் ஏடுகளைப் புரட்டியவர்களுக்கு அது பழகிய பெயராகத் தோன்றுவது ஒரு கண்மயக்கம். ஒரே மனிதர் 27 ஆண்டுகள் ஒப்பமிட்டுக்கொண்டிருந்ததால் உண்டான பழக்கம் அது.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது?

நண்பரின் மகன் கண்ட கிறைஸ்ற்சேர்ச் நகரம் ஏவன், ஸ்ரவர் என்னும் இரண்டு ஆறுகள் கடலோடு கலக்குமுன் ஒன்றை ஒன்று நெருங்கும் இடத்தில் அமைந்தது. பழைய ஆங்கிலத்தில் ஆற்றுக்கு 'ஈயா' என்று பெயர். பன்மையில் வேற்றுமை ஏற்கும்போது அது 'ஈயம்' என்றாகும். அதற்கு முன்னே 'இடையில்' என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்து, 'ஆறுகளுக்கிடையில்' என்றே அவ்வூருக்குப் பெயரிட்டார்கள். நம்முடைய 'ஆற்றிடைக்குறை' என்ற சொல்லின் முற்பகுதி போன்றது. அல்ஃபிரட் அரசர் 899இல் இறந்த பின்னர், அவருடைய அண்ணன் மகன் ஏதெல்வோல்ட் ஆட்சியுரிமை கோரிக் கிளர்ந்தபோது கைப்பற்றிய இரண்டு இடங்களில் ஒன்று இவ்வூர் என்று ஆங்கிலோ சக்சன் காலக்குறிப்பு சொல்கிறது. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நில ஏட்டிலும் ஊர் பழைய பெயரோடுதான் இருக்கிறது.

பிறகு வந்தது தேவாலயம். 1094 அளவில் றனல்ஃப் ஃபிளம்பார்ட் என்பவர் அங்கே பெரிய ஆலயத்தைக் கட்டத் தொடங்கினார். கட்டுமான வேலையின்போது, அளவு குறைந்துபோன ஒரு மரவிட்டம் மறுநாள் காலையில் தானே உரிய இடத்தில் பொருந்தி நின்றதாம். முதல் நாள் வேலை செய்து கூலி வாங்காமற்போன முகந்தெரியாத தச்சன் கிறிஸ்துவே என்று ஐதிகம் கிளம்பிற்று. கோவிலின் புகழ் ஊரின் பெயரை விழுங்கியது. சில காலம் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். பின்னர் பழையது உதிர்ந்தது. நமது ஊர்களிலும் நடப்பதுதான். 1974இல் ஹம்ப்ஷயரிலிருந்து டோர்செற் மாவட்டத்துக்கு ஊரையே மாற்றினார்கள் என்பது வேறு கதை. இன்று பழைய பெயரை அந்த ஊரில் தாங்கி நிற்பவற்றுள் முக்கியமானது நண்பரின் மகன் கண்ட பள்ளிக்கூடம்.

(நியூசிலாந்தின் கிறைஸ்ற்சேர்ச் நகரம் இவ்வூரின் பெயரை வைத்துக்கொண்டது அன்று. அது ஒக்ஸ்போர்ட்டிலுள்ள கல்லூரியொன்றின் பெயர். அங்கும் ஏவன் என்று ஓர் ஆறு ஓடுவதால் பலர் தடுமாறுகிறார்கள். 'ஏவன்' என்பதே பழைய கெல்ற்றிய மொழியில் 'ஆறு' என்றுதான் பொருள்படும். ஆகவே ஆங்கிலேயர் 'ஏவன் ஆறு' என்னும்போது 'ஆறு ஆறு' என்கிறார்கள். நாம் 'மகாவலி கங்கை ஆறு' என்று சொல்வதில்லையா?)

ஊர்ப்பெயர் எப்படி ஆட்பெயராகும் என்பதைச் சற்று யோசித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவ்வூரில் வாழும்வரை ஒருவனை ஊர்ப்பெயரால் அழைப்பதில் பயனில்லை. அங்கே எல்லோரும் அவ்வூரார்தானே. வேறோர் இடத்துக்குப் போனபின்புதான், 'இன்ன ஊரிலிருந்து வந்த வில்லியம்' என்று மற்றவர்கள் அடையாளம் சொல்லத் தொடங்குவார்கள். ஆகவே ஊரடியாகப் பிறந்த குடும்பப் பெயர் ஒவ்வொன்றும், அக்குடும்பம் அவ்வூரை விட்டுப் புறப்பட்டதற்கான சான்று. ஆங்கிலேயருடைய குடும்பப் பெயர்களிற் பெரும்பாலானவை 12ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில் பரம்பரைப் பெயர்களாக இறுகின. அதே காலத்திற்றான் ஊர் தன் பழைய பெயரைக் களைந்துகொண்டிருந்தது. ஊரைவிட்டுப் போனவர்கள் பெயரைக் காப்பாற்றினார்கள். ஊரில் இருந்தவர்கள் தொலைத்துவிட்டார்கள். புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

சசெக்ஸ் மாவட்டத்திலும் இதே பொருளில் ஒரு கிராமம் உண்டு. அதன் பெயர் ஓரிரண்டு எழுத்தால் வேறுபடும். அதுவும் ஓடைகளுக்கு இடைப்பட்ட ஊர். ஆகவே துவைனம் என்று பெயர் கொண்ட எல்லோருக்கும் ஒரே மூதாதை என்று பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. குளொஸ்ரர்ஷயரில், செவேர்ண் ஆறும் மற்றோர் ஏவன் ஆறும் சேருமிடத்துக்கு அருகே இன்னோர் ஊர் உண்டு. அதுவும் 'ஆறுகளுக்கிடையில்' என்ற அதே வேரிலிருந்து வந்ததே. அதிலிருந்து எழுந்த குடும்பப் பெயர்தான் ட்வைனிங். குளொஸ்ரர்ஷயரில் பிறந்த தோமஸ் ட்வைனிங் என்பவர் 1706இல் லண்டன் ஸ்ராண்ட் வீதியில் கடை வாங்கித் தேயிலை விற்கத் தொடங்கினார். அந்தத் தேயிலைப் பெட்டி இன்று உங்களிற் சிலருடைய சமையலறையிலும் இருக்கும். யாழ்ப்பாணத்து அரசாங்க அதிபரின் பெயரும் தேயிலைப் பெட்டியின் பெயரும் ஒரே சொற்றொடரின் பிள்ளைகள், உறவினரல்லாத பெயருறவினர்.

இனித்தான் அந்த 'எச்' விவகாரம்.

பள்ளிக்கூடப் பலகையில் அந்த எழுத்து உண்டு. துவைனந்துரையின் கையெழுத்தில் இல்லை. எது சரி? கேட்டவுடன் பலகைதான் சரி என்று தோன்றும். துரையின் குடும்பம் ஓரெழுத்தைத் தவறவிட்டது போலத் தோன்றும். உண்மை நேர்மாறானது. இங்கிலாந்தில் 'ஹாம்' என்று முடியும் ஊர்கள் எண்ணற்றவை. அது 'குடியிருப்பு' என்று பொருள்படும் வேறு சொல். பழைய வேற்றுமை உருபின் பொருள் மறந்துபோன காலத்தில், எழுத்தர்கள் இதையும் அந்தக் கூட்டத்தில் ஒன்றென்று கருதி ஓர் எழுத்தைச் செருகிவிட்டார்கள். பெயரின் பிறப்போடு அந்த எழுத்துக்கு யாதொரு தொடர்பும் இல்லை. எழுத்துக் குறைந்த வடிவமே மூலத்துக்கு நெருக்கமானது.

இணையத்தில் 'உங்கள் குடும்பப் பெயரின் பொருள்' என்று கடை விரித்திருப்போர் இத்தகைய இடங்களிற்றான் வழுக்கி விழுகிறார்கள். ஒரு பெயரைக் கண்டதும் இரண்டாக ஒடித்து, அகராதியில் பொருள் தேடி, 'இரட்டைக் குடியிருப்பு' என்று ஒட்டிக் கொடுத்துவிடலாம். கூடவே குலச்சின்னம் ஒன்றையும் சட்டம் போட்டு விற்பார்கள். ஆங்கில மரபில் குலச்சின்னம் தனி மனிதருக்கும் அவருடைய நேர் வழித்தோன்றல்களுக்கும் உரியதேயன்றி ஒரு குடும்பப் பெயருக்கு உரியதன்று. இதை லண்டனிலுள்ள குலச்சின்னக் கல்லூரி எத்தனை முறை சொன்னாலும் வியாபாரம் நிற்பதாயில்லை. உலகத்துப் பெயர்களையெல்லாம் ஒலியை வைத்துத் தமிழாக்கிவிடும் நம்மவர்களும் இதே கடையின் மறுபக்கத்தில் நிற்பவர்களே. துவைனத்தைத் 'துவை' என்று பிரித்து ஆற்றங்கரையில் துணி துவைத்த குலமென்று யாராவது எழுதுவதற்குமுன் சொல்லி வைக்கிறேன்.

எண்ணிக்கைக்கு வருவோம். 2002இல் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் குடும்பப் பெயர்களைப் பற்றிய பட்டியலொன்று அரசாங்கப் புள்ளிவிபரத் துறையிலிருந்து வெளிவந்தது. ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் பெயர்கள் அதில் இருந்தன. ஐவருக்கும் குறைவானோர் தாங்கிய பெயர்கள் சேர்க்கப்படவில்லை. இப்பட்டியலும் 1881ஆம் ஆண்டின் குடிசன மதிப்பும்தான் இணையத்தில் உலவும் பெரும்பாலான 'உங்கள் பெயர் எத்தனை பேருக்கு' கணக்குகளின் தாய்கள். 2016இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட பெரிய குடும்பப் பெயர் அகராதி 45,000க்கு மேற்பட்ட பெயர்களை, பழைய ஏடுகளின் சான்றோடு ஆராய்ந்தது. 1881இல் எத்தனை பேர், அண்மையில் எத்தனை பேர் என்றும் பக்கத்திலேயே தந்தது. அது உழைப்பு. மற்றவை பெரும்பாலும் கணினியின் கூட்டல்.

கூட்டலில் உள்ள கோளாறு என்னவென்றால், கணினி எண்ணுவது பெயரையன்று, எழுத்துக் கோவையை. 'எச்' உள்ள துவைனம் ஒரு பெயர், இல்லாதது வேறொரு பெயர், 'வை'க்குப் பதில் 'ஐ' போட்டவர் மூன்றாவது பெயர். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் இரண்டு பாதிரிமாரிடம் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அது இரண்டு வம்சமாகிவிடும். இங்கிலாந்தின் தேவாலயங்களில் 1538இல் பதிவேடுகள் கட்டாயமாக்கப்பட்டன. அரசாங்கப் பிறப்புப் பதிவு 1837இல் ஆரம்பித்தது. இடைப்பட்ட 300 ஆண்டுகள் எழுதத் தெரியாத ஒருவன் சொல்ல, எழுதத் தெரிந்த ஒருவன் தன் காதுக்கு எட்டியபடி எழுதிய காலம். பொதுவான பெயருக்கு இதனால் பெரிய நட்டமில்லை. ஐந்து இலட்சம் ஸ்மித்துகளில் ஆயிரம் பேர் எழுத்து மாறிப் போனால் என்ன? அரிய பெயருக்கோ அது உயிர்ப்பிரச்சினை. நூறு பேர் உள்ள பெயர் மூன்றாய்ப் பிளந்தால் மூன்றுமே விளிம்புக்கு வந்துவிடும்.

விளிம்பிலிருந்து விழுவதைப் பற்றிக் கணிதமே உண்டு. 1873இல் பிரான்சிஸ் கோல்ற்றன், குடும்பப் பெயர்கள் எவ்வளவு விரைவில் அழியும் என்ற கேள்வியை ஒரு கல்விப் பத்திரிகையில் எழுப்பினார். வட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார். எல்லாப் பெயர்களும் ஒருநாள் அழிந்தே தீரும் என்பது அவர் கண்ட முடிவு. கணக்கில் அவர் ஒரு விடையைக் கவனியாது விட்டுவிட்டார் என்பதைப் பிற்காலத்தவர் காட்டினார்கள்: ஆண் வழியில் சராசரியாக ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்குமானால் பெயர் பிழைத்துவிடவும் இடமுண்டு. ஆனால் தொடக்கத்தில் ஒருவர் இருவரே இருக்கும் பெயருக்கு ஆபத்து அதிகம் என்ற பகுதி மாறவில்லை.

அரிய பெயரின் மறுபுறம், அது இரத்த உறவையும் காட்டிக்கொடுக்கும் என்பது. லெஸ்ரர் பல்கலைக்கழகத்தின் ரூரி கிங், மார்க் ஜோப்ளிங் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 40 குடும்பப் பெயர்களை உடைய ஆண்களின் மரபணுவை ஒப்பிட்டது. ஸ்மித்துகளுக்குள் உறவு, தெருவில் எதிர்ப்படும் இருவருக்கிடையிலான உறவுக்கு மேல் இல்லை. அற்றன்பரோ போன்ற அரிய பெயரிலோ மிகப் பெரும்பான்மையோர் ஒரே தந்தைவழியினர். இதே ஆய்வாளர்களின் குழு 2007இல் வெளியிட்ட இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. யோர்க்ஷயரைச் சேர்ந்த ஓர் அரிய குடும்பப் பெயரை உடைய 18 ஆண்களைச் சோதித்ததில், ஏழு பேரிடம் மேற்கு ஆபிரிக்காவிலேயே காணப்படும் தந்தைவழி மரபணு இருந்தது. அவர்கள் எல்லோரும் வெள்ளையர்; தமக்குள் அப்படியொரு மூதாதை இருந்தார் என்பதை அறியாதவர்கள். 'தூய ஆங்கிலப் பெயர்' என்று மார்தட்டுவோர் இந்த ஆய்வை ஒருமுறை வாசிப்பது நல்லது.

துவைனம் என்ற பெயர் எண்ணிக்கையிற் சிறுத்தாலும் தூரத்தில் சிறுக்கவில்லை. பிரித்தானிய இந்தியாவில் மத்திய மாகாணத்தின் ஆளுநராக 1940 முதல் 1946 வரை இருந்தவர் சேர் ஹென்றி துவைனம். அவுஸ்திரேலியப் பெருநிலத்தின் மூன்றாவது உயரமான சிகரம், ஏறத்தாழ 2,195 மீற்றர், மவுண்ட் துவைனம் எனப்படுகிறது. நியூ சவுத் வேல்சில் நில அளவைத் துறையின் தலைமையில் இருந்த எட்வர்ட் துவைனத்தின் பெயர் அது. மூவருமே பேரரசின் உத்தியோகத்தர்கள். அரிய பெயர்கள் இப்படித்தான் நிலப்படத்தில் ஏறுகின்றன.

ஒன்றை மட்டும் தமிழுக்காகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து அந்தப் பெயரை 'ட்வினம்' என்பதா, 'ட்வைனம்' என்பதா என்று அந்நியர் ஒருவர் தீர்மானிக்க முடியாது. கிறைஸ்ற்சேர்ச் நகரத்தில் இன்று பள்ளிக்கூடத்தை 'ட்வினம்' என்கிறார்கள். யாழ்ப்பாணத்து அச்சுக்கூடத்தாரும் கச்சேரி எழுதுவினைஞரும் துரையைத் 'துவைனம்' என்று எழுதினார்கள். ஐகாரம் போட்டு எழுதியிருப்பதால், 19ஆம் நூற்றாண்டில் அந்தக் குடும்பத்தார் தங்கள் பெயரை எப்படி ஒலித்தார்கள் என்பதற்கு ஆங்கில எழுத்து மறைத்துவிட்ட சாட்சியத்தைத் தமிழ் எழுத்து தருகிறது. மெய்யெழுத்தில் சொல் தொடங்கலாகாது என்று உகரம் சேர்த்த பழைய தமிழ்ப் புலவர்களின் பிடிவாதத்தையும் மீறி உயிரொலி பிழைத்திருக்கிறது. ஆனால் இப்பொழுது நமது பழைய நூல்களைக் கணினியில் ஏற்றுவோர் துவைனம், டுவைனம், ட்வைனம், ட்வைனாம் என்று நால்வகையாகத் தட்டெழுதுகிறார்கள். நாவலரின் கண்டனத்தைத் தேடும் மாணவர் ஒருவர் 'ட்வைனாம்' என்று தேடினால் ஒன்றும் கிடையாது. அப்படியொரு கண்டனமே இல்லையென்று ஆய்வேட்டில் எழுதிவிடவும் கூடும். பழைய நூலில் உள்ளதை உள்ளபடி பதியுங்கள். உங்களுக்குப் பிடித்த வடிவத்தை அடிக்குறிப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பல ஆண்டுகளாக மன்றாடி வருகிறேன்.

ஆகவே நண்பரின் மகனுக்கு எழுதினேன்: பெரிதுபடுத்த வேண்டிய விடயம்தான். நமக்குப் பரம்பரைக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. தந்தையின் பெயர் தலையெழுத்தாய் ஒரு தலைமுறை நின்று, மறு தலைமுறையில் மறையும். 'நவாலியூர்' என்று சோமசுந்தரப் புலவருக்கு முன்னே நின்ற ஊர்ப்பெயரும் பிள்ளைகளுக்குச் சொத்தாகப் போக வேண்டுமென்ற விதியில்லை. இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் நடப்பது ஆங்கிலேயருக்கு 13ஆம் நூற்றாண்டில் நடந்தது. ஓட்டத்திலிருந்த பெயர்கள் உறைகின்றன. உங்கள் தகப்பனாரின் பெயர் இன்று உலகத்திலுள்ள மிக அரிய குடும்பப் பெயர்களுள் ஒன்று. அதைக் குடும்பப் பெயராக உடையவர்கள் இரண்டு வீட்டார் மட்டுமே. அதையும் ஓரெழுத்தால் பிளந்துவிட்டால், உங்கள் பேத்தியும் தம்பியின் பேரனும் ஒருவரையொருவர் தேடும்போது கணினி அவர்களை அந்நியர் என்றுதான் சொல்லும். 'எச்' வேண்டுமா வேண்டாமா என்று நான் சொல்லமாட்டேன். இருவரும் பேசி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தாநாள் பதில் வந்தது. ரொறன்ரோத் தம்பியால் மாற்ற முடியாதாம். வீட்டுப் பத்திரம், தொழில் அனுமதி, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு யாவும் அந்த எழுத்தில்தான் உள்ளன. எனவே லண்டனில் பிறந்த குழந்தைக்கு ரொறன்ரோ வடிவத்தையே பதிந்துவிட்டார்களாம். இப்பொழுது தகப்பனுக்கும் மகளுக்கும் ஓரெழுத்து வித்தியாசம். விமான நிலையத்தில் கேட்பார்களே என்று எழுதினேன்.

"கேட்கட்டும் மாமா, துவைனந்துரையின் கதையைச் சொல்லுறன்" என்று பதில் வந்தது.